டக்காரில் பிரெஞ்சுப் பாடத்திட்டம்: மகளைச் சேர்க்கலாம், மகனை வேண்டாம்

கேள்வி: என் கணவர் இரண்டு வருடமாக செனகல் நாட்டின் டக்காரில் பொறியாளராக வேலை பார்க்கிறார். இந்த ஆண்டு நானும் பிள்ளைகளும் அங்கே போகிறோம். மகள் சென்னையில் சிபிஎஸ்இ ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வயது 12. மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். வீட்டுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு-ஆங்கில இருமொழிப் பள்ளி ஒன்று இருக்கிறது, பிரெஞ்சுப் பாடத்திட்டம். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. "இருமொழிதானே, சமாளித்துவிடுவார்கள்" என்கிறார் கணவர். சேர்க்கலாமா? பின்னால் இந்தியாவில் மருத்துவமோ பொறியியலோ படிக்க வழி இருக்குமா?

பதில்: உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெற்றோர் ஏமாறும் இடம் அதுதான். 'இருமொழி' என்பது பள்ளியின் பெயர்ப்பலகையிலும் கால அட்டவணையிலும் இருக்கும். கடைசியில் உங்கள் மகள் எழுதப்போகும் பாக்கலோரியா (சுருக்கமாக 'பாக்') என்ற பள்ளி இறுதித் தேர்வின் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எத்தனை பாடம் நடந்தாலும் பிரெஞ்சு இலக்கியத் தாளும் தத்துவத் தாளும் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும். ஆகவே பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது "நீங்கள் இருமொழிப் பள்ளியா?" என்பதை அல்ல. "கணக்கு, அறிவியல், வரலாறு மூன்றும் வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மொழியில் நடக்கின்றன?" என்று கேளுங்கள். மணிக்கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி அங்கீகாரம் பற்றியது. பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சுப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளை பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் பரிசீலித்து அங்கீகரிக்கிறது. இதற்கு 'ஒமோலொகாசியோன்' என்று பெயர். 1990-ல் உருவான ஏ.இ.எஃப்.இ. என்ற அரசு அமைப்பின் வலைப்பின்னலில் இப்படி 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 600 பள்ளிகள் இருக்கின்றன. பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. இந்த அங்கீகாரம் பள்ளி முழுமைக்கும் ஒரே வீச்சில் கிடைப்பதில்லை, படிநிலை படிநிலையாகக் கிடைக்கும். தொடக்கப் பள்ளிக்கு இருக்கும், மேல்நிலைக்கு இருக்காது. அப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்தால் மூன்று வருடம் கழித்து, பிள்ளை நன்றாக ஊன்றிய நேரத்தில், இடம் மாற்ற வேண்டி வரும். அல்லது பிரான்சின் தொலைதூரக் கல்வி நிறுவனமான க்நெட் வழியாகப் படிக்க வேண்டி வரும். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலை அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் உங்கள் பள்ளியின் பெயருக்கு எதிரே எந்தெந்த வகுப்பு வரை என்று இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். டக்காரிலேயே ஏ.இ.எஃப்.இ. நேரடியாக நடத்தும் லிசே ழான் மெர்மோஸ் என்ற பள்ளி இருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் மேல்நிலை இல்லை என்றால் அங்கே மாறுவதற்கான வழியை இப்போதே விசாரித்து வையுங்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் வகுப்பைத் தலைகீழாக எண்ணுவார்கள். நடுநிலையான 'கொலேஜ்' ஆறாவதில் தொடங்கி ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கும்: சிசியெம், சங்கியெம், கத்ரியெம், த்ருவாசியெம். அதன்பிறகு 'லிசே' என்னும் மேல்நிலை மூன்று வருடம்: செகோந்த், ப்ரெமியேர், தெர்மினால். நம் கணக்கில் எட்டாம் வகுப்பு என்பது கத்ரியெம். பள்ளி உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் அதையே சொல்லும். நீங்கள் ஒரு வகுப்பு குறைத்து, சங்கியெமில் சேர்க்கக் கேளுங்கள். ஒரு வருடம் வீணாகிறதே என்று பாட்டி தாத்தா வருத்தப்படுவார்கள். எனக்குத் தெரிந்து அந்த வருடம்போலப் பலன் தரும் வருடம் வேறில்லை. பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் இரண்டாம் அயல்மொழி தொடங்குவது சங்கியெமில். இயற்பியல்-வேதியியல் தனிப் பாடமாகப் பிரிவதும் அப்போதுதான். அந்த இரண்டிலும் உங்கள் மகள் மற்றவர்களோடு ஒரே கோட்டில் நின்று தொடங்குவாள். கத்ரியெமில் போய் இறங்கினால் பிரெஞ்சோடு சேர்த்து இவற்றிலும் பின்தங்கியிருப்பாள்.

கணக்கு அவளைக் காப்பாற்றும் என்று நினைப்பீர்கள். பாதி உண்மை. இருபது வருடம் பிரெஞ்சு வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த பையன் ஒருவன், நல்ல கெட்டிக்காரன், முதல் தேர்வில் '3,250 கிலோமீட்டர்' என்று கேள்வித்தாளில் இருந்ததைப் பார்த்து மூவாயிரத்து இருநூற்றைம்பது என்று வைத்துக் கணக்குப் போட்டான். பிரெஞ்சில் காற்புள்ளிதான் தசமப்புள்ளி. அது மூன்றே கால் கிலோமீட்டர். ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் இடைவெளி விடுவார்கள். வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண் வலது பக்கம் போகும். எழுபது என்பது 'அறுபது-பத்து', தொண்ணூறு என்பது 'நான்கு-இருபது-பத்து'. ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல எழுதும் மனக்கணக்கில் முதல் மூன்று மாதம் அவன் திணறியது இதனால்தான். கணக்கு தெரிந்திருந்தது, காதுக்கு எண் வரவில்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் விடை எழுதும் முறையில் இருக்கிறது. கேள்வி 'நிறுவுக', 'காரணம் கூறுக' என்று முடியும். சரியான விடையை மட்டும் எழுதி அடியில் கோடு போட்டால் மதிப்பெண் பாதிகூட வராது. 'நமக்குத் தெரிந்தது இது, இந்தத் தேற்றப்படி, ஆகவே இது' என்று முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். வரலாற்றிலும் அப்படித்தான். பக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதாது. ஒரு பழைய கடிதத்தையோ படத்தையோ கொடுத்து, இதை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் இதில் பின்தங்குவது புத்தியில்லாததால் இல்லை, பழக்கமில்லாததால். ஒரு வருடத்தில் பழகிவிடுவார்கள், பழகியவர்களுக்கு அது வாழ்நாள் சொத்து. இந்தப் பாடத்திட்டத்தின் மேல் எனக்குள்ள பற்றுக்கு முக்கியக் காரணமும் இதுதான்.

மதிப்பெண் அட்டை வந்ததும் பதறாதீர்கள். எல்லாம் இருபதுக்குத்தான். 10 தேர்ச்சி, பாக்கில் 12 வாங்கினால் 'ஓரளவு நன்று', 14 'நன்று', 16 'மிக நன்று'. 14-ஐ நூற்றுக்கு எழுபது என்று மாற்றி மகளைத் திட்டும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ஆசிரியர் 14 போட்டால் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று அர்த்தம். அட்டையில் வகுப்பின் சராசரியும் பக்கத்திலேயே இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண், வீட்டுப்பாடம், கால அட்டவணை எல்லாம் பெரும்பாலான பள்ளிகளில் ப்ரோநோட் என்ற செயலியில் வரும். அது பிரெஞ்சில் இருக்கும். நீங்களும் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும்.

இனி மகன். அவனை இந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். பத்தாம் வகுப்பு முடித்தவனை ப்ரெமியேரிலோ, ஒரு வருடம் குறைத்து செகோந்திலோ போடுவார்கள். ப்ரெமியேர் முடிவில் பிரெஞ்சு இலக்கியத் தேர்வு: எழுத்துத் தேர்வு நான்கு மணி நேரம், ஒரு இலக்கியப் பகுதிக்கு விளக்கவுரை அல்லது கட்டுரை. அப்புறம் இருபது நிமிட வாய்மொழித் தேர்வு. அடுத்த வருடம் தத்துவம், அதுவும் நான்கு மணி நேரம். இன்று 'போன்ழூர்' மட்டும் தெரிந்த பையன் இரண்டு வருடத்துக்குள் அங்கே போய் உட்கார வேண்டும். முயற்சி செய்து உடைந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும், எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். மகனுக்கு இரண்டு வழி. டக்காரில் ஆங்கில வழி சர்வதேசப் பள்ளி, அல்லது பதினொன்று, பன்னிரண்டை இந்தியாவிலேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ இருந்து முடிப்பது. குடும்பம் பிரிவது கஷ்டம்தான். ஆனாலும் அந்த வயதில் மொழியையும் பாடத்தையும் ஒரே நேரத்தில் சுமக்க வைப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

மருத்துவமா, பொறியியலா என்ற கேள்வி மகளுக்குத்தான் பொருந்தும். இதற்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. 2021 முதல் பாக்கில் கலை, அறிவியல் என்ற பழைய பிரிவுகள் இல்லை. செகோந்த் முடிவில் மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் வாரம் நான்கு மணி நேரம். தெர்மினாலில் அதில் ஒன்றை விட்டுவிட வேண்டும். மிஞ்சும் இரண்டும் வாரம் ஆறு மணி நேரம், பாக்கின் மொத்த எடை 100-ல் அவை ஒவ்வொன்றுக்கும் 16. கணக்கு, இயற்பியல்-வேதியியல், உயிரியல் மூன்றையும் கடைசி வரை வைத்துக்கொள்ள முடியாது. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். ஆகவே மருத்துவம் என்றால் தெர்மினாலில் இயற்பியல்-வேதியியலும் உயிரியலும் இருக்க வேண்டும். கணக்கை விட்ட குறையை 'துணைக் கணிதம்' என்ற மூன்று மணி நேர விருப்பப் பாடத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். பொறியியல் என்றால் கணக்கும் இயற்பியல்-வேதியியலும். இது தெரியாமல் பிடித்த பாடம் என்று பொருளாதாரத்தை வைத்துக்கொண்டு இயற்பியலை விட்ட பிள்ளைக்கு இங்கே அந்தக் கதவு மூடிவிடும்.

பாக் சான்றிதழுக்கு இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை என்ற சான்று வாங்க வேண்டும். முடிவு ஜூலையை ஒட்டித்தான் வரும், நம் ஊர் கலந்தாய்வும் அப்போதுதான் நடக்கும், காகிதங்களை முன்பே தயார் செய்து வைக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நீட் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டிய, நான்கில் ஒன்றைக் குறிக்கும் தேர்வு. பாக் எழுதி விளக்கும் தேர்வு. ஒன்றுக்குத் தயாரானால் மற்றொன்றுக்குத் தயார் என்று ஆகாது. இந்திய அரசுக் கல்லூரியில் மருத்துவம் என்பது குடும்பத்தின் உறுதியான முடிவு என்றால், மகளுக்கும் இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிவு இன்னும் திறந்திருக்கிறது, பிரான்சோ கனடாவோ வேறு நாடோ ஆகலாம் என்றால் இது நல்ல பாதை. பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டு பிரெஞ்சு லிசேக்களில் பாக் முடித்த சிறந்த மாணவர்களுக்கு பிரான்சில் மேல்படிப்புக்கு 'எக்ஸலான்ஸ்-மழோர்' என்ற உதவித்தொகையும் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கான அரசு உதவியோ பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான், புதுச்சேரியில் பலருக்கு அது தெரிந்த விஷயம். உங்களுக்கு அது கிடையாது. கட்டணத்தையும் முதல் சேர்க்கைத் தொகையையும் கணவரின் நிறுவனம் ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை மாறி நடுவில் கிளம்ப நேர்ந்தால்? இங்கேதான் அங்கீகாரம் கைகொடுக்கும். அங்கீகாரம் பெற்ற பள்ளியிலிருந்து அதேபோன்ற இன்னொரு பள்ளிக்குப் போகும்போது பொதுவாகச் சேர்க்கைத் தேர்வு கிடையாது, இடம் இருந்தால் போதும். ஐவரி கோஸ்ட்டின் அபிஜானோ, சிங்கப்பூரோ, பாடம் விட்ட இடத்தில் தொடரும். இந்தியாவுக்கே திரும்பினாலும் 1826-ல் தொடங்கிய புதுச்சேரி லிசே இருக்கிறது, அங்கே தமிழும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிபிஎஸ்இக்கே திரும்புவதென்றால் ஒன்பதாம் அல்லது பதினோராம் வகுப்பில் வந்து சேரும்படி திட்டமிடுங்கள். பத்திலும் பன்னிரண்டிலும் நடுவில் சேர்ப்பது மிகக் கடினம்.

பிரெஞ்சுப் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் கையில் ஐந்து மாதம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் மகளைத் தீவிர வகுப்பில் சேருங்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் தொடக்க நிலையான ஏ1 முடித்து அடுத்த நிலையான ஏ2-வைத் தொட்டால் போதும், மிச்சத்தைப் பள்ளி செய்யும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, பாடம் படிக்கத் தேவையான பிரெஞ்சைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பள்ளி வேண்டாம், லிசே ழான் மெர்மோஸில் முயலுங்கள். பாடங்களின் மணிக்கணக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சங்கியெம்தான் சரியா என்பதை அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.