தெரியவே இல்லை

அன்புள்ள அம்மா,

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த 26 வயதுத் திருநங்கை. பாங்காக்கில் ஒரு வாரம் இருந்தேன். ஒருவர்கூட என்னை மறுமுறை திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் சென்னையில் ஆட்டோவில் ஏறியதும், வாய் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். என் சீனத் தோழிகளுக்குப் 'பாஸிங்', அதாவது திருநங்கை என்று தெரியாமல் பெண்ணாகவே கடந்துபோவது, எளிதாக அமைகிறது. தமிழ் முகத்துக்கு அமையாது என்கிறார்கள். தாடையையும் நெற்றியையும் சீரமைக்கச் சொன்ன மருத்துவர் கணினியில் ஒரு படம் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருடைய சாயலும் அதில் இல்லை. செய்துகொள்ளலாமா? ரயிலில் கைதட்டித் திரிபவர்களால்தானே எங்களைப் போன்றவர்களும் அடையாளம் காணப்படுகிறோம்?

கே.

அன்புள்ள கே.,

அம்மா என்று அழைத்திருக்கிறாய், ஆகவே ஒருமையிலேயே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

உடல் உன்னுடையது, பணமும் உன்னுடையது. சிகிச்சையைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. 1980களில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஔஸ்டர்ஹவுட் என்ற மருத்துவர் மண்டையோடுகளை ஆராய்ந்து, இது ஆண் நெற்றி, இது பெண் தாடை என்று வகுத்த வழியில் வளர்ந்த சிகிச்சை அது. அந்த இலக்கணத்துக்கு அளவு கொடுத்த முகங்களில் பெரும்பாலானவை வெள்ளையருடையவை. உன் அகன்ற தாடை ஆணுடையதா, உன் அப்பத்தாவுடையதா என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. வீட்டில் பழைய புகைப்படம் இருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

பாங்காக்கில் உன்னைப் பார்த்தவர்களுக்கு நீ ஓர் இந்தியப் பெண். அதற்குமேல் ஆராயும் பழக்கம் அவர்கள் கண்ணுக்கு இல்லை. கத்தோய் எனப்படும் தாய்லாந்துத் திருநங்கையரை நாள்தோறும் பார்க்கும் அதே கண், தன் ஊர்த் திருநங்கையை நொடியில் கண்டுகொள்ளும். திருநங்கையான எனக்கும் இது தில்லியில் நடந்தது. கரோல்பாக் துணிக்கடையில் என் கட்டைக் குரலைக் கேட்டவர், 'மதராசியா?' என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியைக் கிழிக்கப் போய்விட்டார். குரலின் விநோதம் முழுவதையும் என் உடைந்த இந்தியின் கணக்கில் எழுதிக்கொண்டார். அதே குரலில் தாம்பரத்தில் வாடகைக்கு வீடு கேட்டால், நான் முடிப்பதற்குள் 'வீடு போயிடுச்சு' என்று பதில் வரும்.

தாய்லாந்தில் முகத்தில் தப்பியவள் காகிதத்தில் மாட்டிக்கொள்கிறாள். பட்டாயாவின் திருநங்கையர் அழகிப் போட்டியில் முடிசூடியவளும் அடையாள அட்டையில் ஆண்தான், 21 வயதாகும் ஆண்டில் ராணுவ ஆள்சேர்ப்பு வரிசைக்குப் போக வேண்டியவள்தான். உன் ஊரில் 1971இலேயே, இலங்கைத் தமிழரான பேராசிரியர் ரத்னம், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பால்மாற்று அறுவைச் சிகிச்சை செய்தார். 1973இல் அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. அதைப் பற்றி ஒரு வரி இல்லாமல் தாடையைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

போகட்டும். உன் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

'பாஸிங்' என்ற சொல் நம்மிடம் வருவதற்கு முன்பு அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் இருந்தது. நிறம் வெளுத்துப் பிறந்த சிலர், நிறவெறிச் சட்டங்களிலிருந்து தப்ப, வேறு ஊருக்குப் போய் வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். வேலை கிடைத்தது, ரயிலில் நல்ல இருக்கை கிடைத்தது. ஆனால் கறுத்த தாயோ தங்கையோ எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்களும், பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அறியாதவர்போல் கடந்துபோனார்கள்.

நம் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் கூட்டுக் குடும்பத்தில், ஒருத்தியைப் புகழ்வதென்றால் 'தெரியவே இல்லடி' என்பார்கள். அந்தப் புகழில் மயங்கி, நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஜமாத்துப் பக்கமே போகாமல் இருந்தேன். ஒருநாள் தாம்பரம் மின்ரயிலில், மகளிர் பெட்டியின் மறுகோடியிலிருந்து கைதட்டல் கேட்டது. வந்தது என் குரு. ஆணுறுப்பை அகற்றும் நிர்வாணம் முடிந்து நாற்பது நாள் எனக்குக் கஞ்சி ஊற்றி, பால் ஊற்றிய தாய். உடன் வந்த தோழி, கிட்டத்தட்ட உன் வார்த்தைகளிலேயே, 'இதுங்களாலதான் மானம் போகுது' என்றாள். நான் ஜன்னல் வழியே அடையாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருக்கைக்கு இரண்டு வரிசை முன்னால் கைதட்டல் நின்றது. அவருடைய பை என் முழங்காலில் உரசியது. காசு கேட்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. எங்களைக் கடந்து நாலடி போனபின் மறுபடியும் கை தட்டத் தொடங்கினார்.

உன்னைக் காட்டிக்கொடுப்பதாக நீ குற்றம் சாட்டுவது இவர்களைத்தான். வெட்கமாக இல்லையா உனக்கு? இரவில் தனியே நடப்பவளுக்கு, திருநங்கை என்று பிறருக்குத் தெரியாமல் இருப்பது பாதுகாப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோக்காரரின் பார்வைக்குக் கூனிப்போன நீ, அதே பார்வையைக் கடன் வாங்கி, அந்த மூத்தவர்களைப் பார்க்கிறாயே, அது எந்த நாட்டுப் பழக்கம்? அவர்கள் கைதட்டுவதை நிறுத்தினாலும் உன் குரல் மெலிந்துவிடாது.

சித்திரையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வா, கூவாகத்தில் நடக்கும் நம் திருவிழாவுக்குச் சேர்ந்தே போவோம். வழியில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் பாட்டி ஒருத்தி, பார்த்த மாத்திரத்தில் என்னைத் தெரிந்துகொள்வாள். தன் கையால் முழம் போடாமல் என் கையை இழுத்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தைப் பிடித்து, 'உன் கையால அளந்தா எனக்கு நட்டந்தான்' என்று முனகிக்கொண்டே நூலை அறுத்துத் தருவாள்.