மாம்சமும் சரீரமும் ஒன்றா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: “மாம்சத்துக்குட்பட்டவர்கள் தேவனுக்குப் பிரியமாயிருக்கமாட்டார்கள்” என்கிறது ரோமர் 8:8. அப்படியானால் இந்த உடம்பு இருக்கும்வரை கடவுளை நெருங்கவே முடியாதா?
- வாசகர், நாசரேத்

பதில்: அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். தேவ ஆவி உங்களுக்குள் வாசமாயிருந்தால் நீங்கள் மாம்சத்துக்குட்பட்டவர்கள் அல்ல என்று பவுல் எழுதுகிறார். யாருக்கு? ரோமாபுரியில் உண்டு, உறங்கி, உடம்போடு நடமாடிய மனிதர்களுக்கு. ஆகவே அவர் சொல்லும் மாம்சம் தோலும் சதையும் அல்ல.

கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் உண்டு: ‘சார்க்ஸ்’, ‘சோமா’. நம் பழைய வேதாகமம் பவுலின் நிருபங்களில் பெரும்பாலும் முன்னதை மாம்சம் என்றும், பின்னதைச் சரீரம் என்றும் பிரித்தே தருகிறது. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொண்டது நாம்தான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இக்குழப்பத்தைத் தவிர்க்க ‘ஊனியல்பு’ என்று போட்டது. கடவுளை ஒதுக்கிவிட்டுத் தன்னையே நம்பி வாழும் மனிதப் போக்கு என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. யோவான் 1:14-இல் வருவதும் அதே ‘சார்க்ஸ்’. பழையதில் “அந்த வார்த்தை மாம்சமாகி” என்று படிப்பவருக்கு அது தெரியும்; “வாக்கு மனிதர் ஆனார்” என்று படிப்பவருக்குத் தெரியாது.

கலாத்தியர் 5:19-21-ஐப் பழைய வேதாகமத்தில் எடுத்து எண்ணிப் பாருங்கள். மாம்சத்தின் கிரியைகள் 17. அவற்றில் பகை, கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை என்ற வகையில் மட்டும் 8. உடம்பைப் பட்டினி போட்டு ஒடுக்கினால் இவை போய்விடுமா? நோன்பிருந்துகொண்டே சபைத் தேர்தலில் கட்சி கட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 6:19-இல் சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். உடம்பு ஆன்மாவின் சிறை என்பது பிளேட்டோவின் பேச்சு. விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது ‘சரீரம் உயிர்த்தெழுதல்’.

கேள்வி: தவக்காலம் முழுவதும் தண்ணீர் மட்டும் குடித்து நோன்பிருக்க ஆசை. வயது 61. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன்.
- வாசகி, வேளாங்கண்ணி

பதில்: வேண்டாம் அம்மா. திருச்சபையே உங்களிடம் இதைக் கேட்கவில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி கட்டாய நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது முடியும்வரைதான். நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அன்றைக்கும் ஒரு வேளை முழுச்சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சம் உண்ணலாம். அந்த இரண்டும் சேர்ந்து இன்னொரு முழுச்சாப்பாடாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். நோயாளிகளுக்கு அதுவும் கட்டாயமில்லை. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பைக்கூடத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் அதை ‘அபிஷேகம்’, அதாவது ஆவி இறங்குவது என்று எண்ணி உட்கார்ந்திருக்காதீர்கள். இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோன்பன்று தலை இடிப்பது பல நேரம் காபி இல்லாததால்தான். ஒரு வாரம் முன்பே குறைத்துவிட்டால் வராது. பல நாள் வெறும் தண்ணீரில் இருப்பது மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கூடாது. அதை முடிப்பதில்தான் பெரிய ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் உண்ணாதவர் திடீரென்று வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். அவரே 1548-இல் தம் சபையில் சேர்ந்த பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு, நோன்பைக் குறைத்து வயிற்றைத் தேற்றும்படி எழுதினார்.

கேள்வி: மூச்சோடு சேர்த்து ஜெபிப்பது கிறிஸ்தவ முறையா? முழங்காலில் நின்றால் எனக்குத் தூக்கமும் வருகிறது.
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கிழக்குச் சபைகளின் பழைய முறை அது. “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே” என்று மூச்சை இழுத்து, “பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்” என்று விடுவார்கள். எண்ணிக்கைக்கு முடிச்சுக் கயிறு. 14-ஆம் நூற்றாண்டில், தலை குனிந்து இப்படி ஜெபித்த கிரேக்க நாட்டு அத்தோஸ் மலைத் துறவிகளைப் பர்லாம் என்பவர் ‘தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள்’ என்று ஏளனம் செய்தார். அத்தோஸ் துறவியான கிரகோரி பலமாஸ் அவர்களுக்காக வாதாடினார். 1341-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவர் பக்கம் நின்றது. மூச்சு துணை மட்டுமே. பெயரும் பொருளும்தான் ஜெபம். மூச்சை அடக்கி வைக்காதீர்கள், வேகமாகவும் இழுக்காதீர்கள். தலைசுற்றல் வந்தால் அது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததால் வருவது, தரிசனம் அல்ல. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும்.

தூக்கம் வந்தால் எழுந்து நில்லுங்கள். ஞாயிறுகளிலும், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையுள்ள காலத்திலும் முழங்காலிடாமல் நின்றே ஜெபிக்கச் சொன்னது 325-இல் கூடிய நிசேயா சங்கம்.

கேள்வி: முன்பு ஆராதனையில் கண்ணீர் வரும். இப்போது கல்லாக இருக்கிறேன். கடவுள் விலகிவிட்டாரா?
- பெயர் வேண்டாம்

பதில்: கண்ணீரை வைத்துத் தூரத்தை அளக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மெல்லிய குரல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்களும் ஒரு வாரம் இரவு ஜெபத்தைச் சுருக்கி ஏழு மணி நேரம் தூங்குங்கள். ஜெப நேரத்தை அடியோடு விட்டுவிட மட்டும் இப்போது முடிவெடுக்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் பசியோ உறக்கமோ எதிலும் நாட்டமோ இல்லையென்றால் போதகரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.