வாசகர் கேள்வி-பதில்: ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீடு

கேள்வி: ஜெர்மனியில் எங்களோடு இருக்கும் 81 வயது அத்தைக்குப் பராமரிப்புக் காப்பீட்டில் (அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணை தேவைப்படுவோருக்கான காப்பீடு) விண்ணப்பித்தோம். 23.75 புள்ளி, 1-ஆம் நிலை (மிகக் குறைந்த நிலை) என்று கடிதம் வந்திருக்கிறது. அவரால் தனியாகக் குளிக்கக்கூட முடியாது. எங்கே பிழை நேர்ந்தது?
- ஸ்டுட்கார்ட் வாசகர்

பதில்: பெரும்பாலும், புள்ளி போடும் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் நாளில்தான் பிழை நேர்கிறது. தலைவாரி, நல்ல சேலை கட்டி, "எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மானம் பெரிதல்லவா! ஆனால் அங்கே எண்ணப்படுவது நோய் அல்ல. எந்த வேலைக்கு எவ்வளவு கைத்துணை வேண்டும் என்பதுதான்.

கடிதத்தோடு வந்த மதிப்பீட்டு அறிக்கையில் 'தன்னைப் பேணுதல்' பகுதியைப் பாருங்கள். மொத்தம் 100 புள்ளியில் 40 அதற்கே. குளியல், உடை, உணவு, கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் இட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 3 முதல் 7 வரை என்றால் 10 புள்ளி. 8 ஆகிவிட்டால் 20. கழிப்பறைக்கு 'தானே செய்வார்' என்று 0 போட்டு, கூட்டுத்தொகை 6 வந்திருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் உடையைச் சரிசெய்ய ஒருவர் வேண்டும் என்றால் அங்கே 2 வரவேண்டும். 6 என்பது 8 ஆகும், 23.75 என்பது 33.75 ஆகும். 27-ஐத் தாண்டினால் 2-ஆம் நிலை.

வித்தியாசம் பெரிது. 2025 கணக்குப்படி 1-ஆம் நிலையில் மாதாமாதம் கையில் பணம் வராது; முக்கியமாக, ரசீது காட்டிப் பெறும் மாதம் 131 யூரோதான். வீட்டாரே பார்த்துக்கொண்டால் 2-ஆம் நிலையில் மாதம் 347 யூரோ கையில் வரும்.

கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுப்பு கொடுங்கள். முதலில் ஒரு வரி போதும், காரணங்களைப் பிறகு அனுப்பலாம். அதற்குள் இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எதற்கு, யார் கைகொடுத்தார்கள். இரவில் எழுப்பியதையும் விடாதீர்கள். மறுமதிப்பீட்டுக்கு ஆள் வந்தால், அன்றாடம் அத்தையைப் பார்ப்பவர் கட்டாயம் அங்கே இருக்கவேண்டும். அத்தை முன்னால் சொல்லக் கூசுவதை மதிப்பீட்டாளரிடம் தனியே சொல்லலாம்.

கேள்வி: காப்பீடு இருந்தும் முதியோர் இல்லச் செலவைப் பிள்ளைகள் கட்டவேண்டுமா?
- கோவை வாசகி

பதில்: 1995-இல் தொடங்கியபோதே அது பகுதிக் காப்பீடுதான். தங்குமிடமும் சாப்பாடும் முதியவர் பொறுப்பு; பராமரிப்புச் செலவிலும் ஒரு பங்கு அவருடையது. இல்லத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் எல்லாம் சேர்த்து 2025-இல் சராசரியாக மாதம் 3,000 யூரோ அளவுக்கு வந்தது. ஓய்வூதியமும் சேமிப்பும் போதாதபோது சமூகநல அலுவலகம் கட்டும். 2020 முதல், ஆண்டு வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டும் பிள்ளையிடம் மட்டுமே அது திருப்பிக் கேட்க முடியும்.