பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுச் செபமும்: கேள்வி பதில்

பல வருடங்களாகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், எனக்கும் மூன்று பிள்ளைகள். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கே: டீச்சர், காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதே பெரும்பாடு. செபத்துக்கு நேரம் எங்கே?

ப: தனி நேரம் தேடாதீர்கள். வாசலில் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புங்கள். ஒருநாள் என் இரண்டாவது மகன் என்னோடு சண்டை போட்டுவிட்டு, ஷூ நாடாகூடக் கட்டாமல் விறுவிறுவென்று இறங்கினான். இரண்டு படி போனவன் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் நெற்றியை மட்டும் நீட்டினான். பிள்ளைகளுக்கு முதலில் நற்செய்தி சொல்கிறவர்கள் பெற்றோர் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது எனக்கு அன்றுதான் புரிந்தது.

கே: தம்பியை அடித்தால் பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல வைக்கிறேன். சரிதானே?

ப: வேண்டாம். செபத்தைத் தண்டனையாக்காதீர்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், அது போதும்.

கே: மகன் பூசையில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்.

ப: முதல் வரிசையில் உட்காருங்கள். பீடம் கண்ணுக்குத் தெரிந்தால் பாதி ஆட்டம் அடங்கும்.

கே: இரவில் செபமாலை சொன்னால் இரண்டாம் பத்துக்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். முழுதும் சொல்லியே ஆக வேண்டுமா?

ப: சிறுபிள்ளைகளுக்கு ஒரு பத்து, அதாவது மாலையில் பத்து மணிகள், போதும். அந்தப் பத்தில் தியானிக்கும் மறைபொருள், அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சி, எது என்று அவர்களே சொல்லட்டும். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் மறைபொருள்களில் கானாவூர் திருமணம் எங்கள் வீட்டில் அடிக்கடி வரும்.

(இதற்கு ஒரு பெரியவரின் மறுப்பு: “53 மணியும் முழங்காலில் நின்று சொல்லி வளர்ந்தோம். குறைத்தால் நாளைக்கு அதுவும் நின்றுவிடும்.”)

ப: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஞாயிறு பூசைபோல செபமாலை திருச்சபைச் சட்டப்படி கடமை அல்ல. அது அன்பால் சொல்வது.

(ஒரு தாய்: “எனக்கு அந்த முழங்கால் வலிதான் நினைவிருக்கிறது. கல்லூரிக்குப் போனதும் செபமாலையைத் தொடவே இல்லை.” மீண்டும் பெரியவர்: “எனக்கு நினைவிருப்பது அப்பாவின் குரல், அம்மா. மனைவி இறந்த இரவில் அந்த 53 மணிதான் என்னைத் தாங்கியது.”)

ப: இதைப் படித்ததும் என் பதிலைத் திருத்துகிறேன். முழுச் செபமாலை வீட்டில் ஒலிக்கட்டும். பெரியவர்கள் ஐந்து பத்தும் சொல்லுங்கள், பிள்ளைகள் முதல் பத்தோடு எழுந்து போகலாம். படுக்கையில் கிடக்கிற பிள்ளையின் காதில் மீதி நாலு பத்தும் விழும். ஐயாவுக்கு அப்பாவின் குரல் அப்படித்தானே தங்கியிருக்கும்! ஆனால் யாரையும் முழங்காலில் நிறுத்தாதீர்கள்.

கே: பத்து வயது மகள் தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) இருக்கலாமா?

ப: கட்டாயம் இல்லை. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது நிறைந்தவர்களுக்கு, ஒருசந்தி 18 நிறைந்தவர்களுக்கு. அவளுக்குப் பிடித்த ஒன்றை அவளாகவே விட்டுக்கொடுக்கட்டும்.

கே: பூசையில் நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்கும் முன் எவ்வளவு நேரம் சாப்பிடக்கூடாது?

ப: ஒரு மணி நேரம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை.

கே: வேற்று மதத்தவரோடு திருமணத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி?

ப: உங்கள் பங்குத்தந்தையைப் பாருங்கள்.

கே: பூசையில் மகள் ஓடிக்கொண்டே இருக்கிறாள், என்ன செய்ய?

ப: மேலே சொல்லிவிட்டேன், முதல் வரிசை. அப்புறம், வீட்டுக்கு வந்ததும் அதற்காக அவளைச் செபம் சொல்ல வைக்காதீர்கள்.