சண்டை முடிந்த பிறகு வரும் செலவு

தம்பி,

உன் கடிதம் வந்த மறுநாளே உன் அம்மாவும் போனில் அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். இரண்டையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் சார்பாக உன்னிடம் பேச வரவில்லை. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

“படி, வேலைக்குப் போ, வீடு வாங்கு என்று யாரோ போட்டு வைத்த கோட்டில் நான் நடக்கமாட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். சரி, நடக்க வேண்டாம். இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டை விட்டு விலகி நன்றாக வாழ்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது படிப்பை விடப்போகிறாய், வருகைப் பதிவு விதியையும் புராஜெக்ட் தலைப்பையும் எதிர்த்துத் துறைத் தலைவருக்கு எழுதிய கோபமான மின்னஞ்சலை வகுப்பு முழுவதற்கும் அனுப்பியிருக்கிறாய், நண்பர்கள் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய் என்று படித்தபோது எனக்கு மனம் பதறியது. உன் கருத்து தவறு என்று நினைத்துப் பதறவில்லை. இதற்கான செலவு இந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்று நீ நினைக்கிறாயே, அதனால்தான்.

முன்பு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். வயது முப்பத்து நான்கு. திறமைசாலி என்பது அவர் கொண்டுவந்திருந்த வேலைகளைப் பார்த்ததுமே தெரிந்தது. என் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் மளமளவென்று ஓடியது. ‘உங்களை நன்கு அறிந்த இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். முதல் வேலையில் மேலாளரோடு சண்டை. இரண்டாவதில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். கல்லூரி ஆசிரியர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. “சார், அந்தச் சண்டையில எல்லாம் நியாயம் என் பக்கம்தான் இருந்தது” என்றார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரு மனிதரின் பெயர். ஒன்றில் என் பெயரை எழுதச் சொன்னேன். இன்னொன்று காலியாகவே போனது.

உனக்குப் பெரிதாகத் தெரிவது அப்பாவின் கோபமும் துறைத் தலைவரின் முகமும்தான். அவை ஆறிவிடும். நான் கவலைப்படுவது எட்ட நிற்கிறவர்களைப் பற்றி. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புதிய வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வழி காட்டியது எப்போதாவது சந்திக்கிற ஆட்கள். இப்போது யோசித்துப் பார். உன் நெருங்கிய நண்பனுக்கு உன் கோபம் புரியும், அவன் எங்கேயும் போகமாட்டான். பின் வரிசையில் உட்கார்ந்து உன்னோடு நாலு வார்த்தை பேசியிருக்கும் பெண்ணுக்கோ ஒரே ஒரு பருவம் பாடம் எடுத்த ஆசிரியருக்கோ உன்னைப் பற்றித் தெரிந்தது அந்த மின்னஞ்சல் மட்டும்தான். ஐந்து வருடம் கழித்து அவர்கள் இருக்கும் இடத்தில் ஆள் தேடும்போது உன் பெயர் அவர்கள் வாயில் வராது. அவர்கள் உன்னைத் தடுக்கமாட்டார்கள், வாய்ப்பு ஒன்று வந்து போனதே உனக்குத் தெரியாது. தெரியாமல் நடக்கிற இந்த நஷ்டத்தைத்தான் இளைஞர்களுக்குப் புரியவைக்க நான் மிகவும் சிரமப்படுகிறேன்.

நியாயம் நம் பக்கம் இருந்தால் காலம் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று எழுதியிருந்தாய். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவரைப் பற்றிப் படித்திருப்பாய். 1847-இல் வியன்னா மருத்துவமனையில், பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் தாய்மார்கள் சாகக் காரணம் என்று கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்த பிரிவில், ஜூனில் அது சுமார் இரண்டாகக் குறைந்தது. இதைவிட என்ன நியாயம் வேண்டும்? இருந்தும் 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. அது அவரை எதிர்த்தவர்களின் குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஊரில் ஸ்கோடா, ஹெப்ரா, ரோகிடான்ஸ்கி என்று பெரிய மருத்துவர்கள் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1850-இல் அவர்களிடம்கூட விடைபெறாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். கண்டுபிடிப்பை விரிவாகப் புத்தகமாக எழுதியது 1861-இல்தான். அப்புறம் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். 1865-இல், 47 வயதில், மனநலக் காப்பகத்தில் இறந்தார். அவர் வியன்னாவை விட்டுப் போனதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். எதிரிகள் கதவைச் சாத்தியது ஒரு பக்கம் இருக்கட்டும். தோள் கொடுக்க நின்றவர்களையும் அவரே விட்டுவிட்டுப் போனாரே.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன ஆல்ஃபிரட் வேகனரையும் புவியியலாளர்கள் பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் அவர் வானிலை ஆய்வாளர். அந்தத் தொழிலில் அவர் பெயர் கெடவில்லை. 1924-இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கடைசிவரை தன் கருத்தையும் விடவில்லை. ஒரு காலை உறுதியான தரையில் ஊன்றிக்கொண்டு மறுகாலால் மல்லுக்கு நின்றவர் அவர்.

உன் படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். டெரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் ஒன்றைச் சொன்னார். வளரிளம் பருவத்தில் விதிகளை மீறுகிறவர்களில் பெரும்பாலோர் வயது ஏற ஏறத் தானாகவே அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் மாட்டிக்கொண்ட ‘கண்ணிகள்’ சிலரை விடுவதில்லை. பாதியில் நின்ற படிப்பு, போதைப் பழக்கம், காவல் நிலையப் பதிவு போன்றவற்றைத்தான் அப்படிச் சொன்னார். நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். வளரிளம் பருவத்தில்தான் தடம் மாறத் தொடங்கிய ஆண்களை 26 வயதில் பார்த்தபோதும், பணச் சிக்கலும் மனநலத் தொல்லையும் போதைச் சார்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தன. அது சட்டத்தையே மீறிய பையன்களைப் பற்றிய ஆய்வு, உன்னை நான் அந்த வரிசையில் வைக்கவில்லை. கண்ணி என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள். கோபம் தணிந்து வருடங்கள் ஆன பிறகும் கால் அதிலேயே சிக்கியிருக்கும். முடிக்காத பட்டம் அப்படிப்பட்ட கண்ணி. மூன்று மாதத்தில் முடிய வேண்டியதை முப்பது வயதில், குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு முடிக்கப் போராடுகிறவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எதிர்ப்பு பழகிப்போகும். ஒரு முறை கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தால் மனசு லேசாகிறது. அடுத்த சிக்கலிலும் கை அதே கதவைத்தான் தேடும். பேசிப் பார்ப்பது, காத்திருப்பது, பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்வது எல்லாம் பழகப் பழக வருகிற திறமைகள், இருபதுகளில் பழகாதவருக்கு நாற்பதில் அவை மிகவும் கடினம். அதோடு, அவர்கள் கிழக்கு என்றால் நீ மேற்கு என்று போனால், உன் திசையை இன்னமும் முடிவு செய்வது அவர்கள்தானே? படிப்பை விட்டபின் என்ன செய்யப்போகிறாய் என்பதற்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எதைச் செய்யமாட்டாய் என்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

எதையும் எதிர்க்காதே என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதே. யாரையாவது இழிவுபடுத்துகிற வழக்கம், ஏமாற்றச் சொல்கிற மேலதிகாரி, உன் உடலையோ மானத்தையோ தொடுகிற எதுவானாலும் எதிர்த்து நில், செலவு எவ்வளவானாலும் சரி. நானும் கூட வருகிறேன். வருகைப் பதிவு விதிக்கும் புராஜெக்ட் தலைப்புக்கும் அந்த விலையைக் கொடுக்காதே. எட்வின் ஹாலண்டர் என்ற உளவியலாளர் 1958-இல் எழுதியது எனக்கு அடிக்கடி உதவுகிறது. முதலில் குழுவுக்குப் பயன்பட்டு, அதன் நடைமுறையையும் மதித்தவருக்கு ஒரு நல்லெண்ண இருப்பு சேர்கிறது. பின்னால் அவர் மாறுபடும்போது அந்த இருப்பிலிருந்து செலவழிக்க முடியும். நீ கணக்கைத் திறப்பதற்கு முன்பே செலவழிக்கப் பார்க்கிறாய்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. தேர்வை எழுதிவிடு. மனநிலை அதற்கு இடம் தராவிட்டால், காணாமல் போய்விடாமல் ஒரு பருவ விடுப்பை எழுத்து மூலமாகக் கேள். திரும்பி வர வழி இருக்கும். துறைத் தலைவரிடம் கருத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், தொனிக்காகவும் ஊருக்கெல்லாம் அனுப்பியதற்காகவும் கேள். உன்னை நன்கு அறிந்த ஓர் ஆசிரியரை நேரில் போய்ப் பார்.

வெள்ளிக்கிழமை மாலை வா. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டு வா. அதில் எந்த வரிகளை நேருக்கு நேர் உட்கார்ந்தும் சொல்வாயோ, அவற்றின் கீழ் மட்டும் கோடு போட்டு வை. அந்த வரிகளை வைத்து இருவரும் சேர்ந்து புதுக் கடிதம் எழுதுவோம்.