வயரிங் வேலைக்குப் போகிறேன் என்கிறான் மகன், அனுப்பலாமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். மார்க் சுமார்தான். இன்ஜினியரிங் வேண்டாம், வயரிங் வேலைதான் பிடித்திருக்கிறது என்று ஒரே பிடியாக நிற்கிறான். கத்தாரில் இருக்கும் என் தம்பி, "ஹெல்பர் விசா இருக்கு, பாஸ்போர்ட் எடுத்து வை" என்கிறான். கரண்ட் வேலை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்வது? – கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய்.

பதில்: அம்மா, வேலை நல்ல வேலை. தம்பி சொல்லும் வழிதான் இப்போதைக்கு வேண்டாம். பதினெட்டு வயதில் ஹெல்பராக விமானம் ஏறுகிற பையன் அங்கே பைப் சுமப்பான், வயர் இழுப்பான், கேபிள் டிரே தூக்கிக் கொடுப்பான். கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரித்து அனுப்பும் டிபி போர்டைத் திறந்து இணைப்புக் கொடுக்க அவனை விடமாட்டார்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வரும்போதும் ஹெல்பர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஊரில் மூன்று வருடம் முறையாகக் கழித்துவிட்டுப் போனால் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன் என்ற விசாவில் இறங்கலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பணம் கட்டுவதற்கு முன்பே அவனுக்கு நிறப்பார்வை சோதனை செய்து விடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத குறை ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம், பல பேருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. நம் ஊர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ் (கரண்ட் வருவது), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போவது), பச்சை எர்த். சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் போட்டால் கிரைண்டரின் உடம்பிலேயே கரண்ட் பாயும். இரண்டு வருடம் படித்த பிறகு இந்தக் குறை தெரிய வந்தால் வீண் வேதனை.

சோதனை சரியாக இருந்தால் ஐ.டி.ஐ. நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயர்மேன் பிரிவும் இரண்டு வருடம்தான், எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம். உங்கள் மகனுக்கு எலக்ட்ரீஷியன் பிரிவே நல்லது. மோட்டார், டிரான்ஸ்பார்மர், பேனல் எல்லாம் அதில் விரிவாக வரும், வெளிநாட்டு விண்ணப்பங்களிலும் அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு. அரசு நிலையத்தில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். தனியார் நிலையம் என்றால் என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் அந்தப் பிரிவுக்கே இருக்கிறதா என்று கேளுங்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்து, குறிப்பிட்ட பிரிவுக்கு இல்லாமல் போவதும் உண்டு.

பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் எடுத்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரும் வாய்ப்பும் இருக்கிறது. மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு டிப்ளமோ சுருக்கு வழி. ஆனால் கையால் வேலை செய்யப் பிடித்த பையனை மறுபடியும் புத்தகத்தில் கட்டிப் போட்டால் அரியர்தான் சேரும். ஐ.டி.ஐ. முடித்த பிறகும் அதே நேரடி இரண்டாம் ஆண்டுக் கதவு திறந்தே இருக்கிறது. அதனால் அவசரமில்லை.

இனி, கட்டிட வேலை என்றால் உண்மையில் என்ன என்று பாருங்கள். சுவிட்ச் மாட்டுவது கடைசி வேலை. எலக்ட்ரீஷியனின் தரம் தெரிவது வார்ப்பு அன்றுதான். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் லாரி வருவதற்கு முன், கீழ்க்கம்பிக்கு மேலே பி.வி.சி. குழாய் ஓட வேண்டும். மின்விசிறி வரும் இடத்தில் கொக்கியோடு கூடிய பேன் பாக்ஸ், லைட் வரும் இடத்தில் டீப் பாக்ஸ். குழாயைக் கம்பியோடு ஓரடி, இரண்டடிக்கு ஒருதரம் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். மூட்டுகளில் சால்வென்ட் பசை தடவாமல் வெறுமனே சொருகிவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி மறுநாளே கல்லாகிவிடும். பாக்ஸ் வாயில் காகிதம் திணித்து டேப் ஒட்டுவதும் இதற்குத்தான். வளைவுக்கு எல்போ போடுவதை விட, ஸ்பிரிங் விட்டுக் குழாயையே மெதுவாக வளைப்பது நல்லது. எல்போவின் கூர்மையான திருப்பத்தில் பின்னால் வயர் சிக்கும், இழுக்கிற இழுப்பில் மேலுறை உரியும்.

இவ்வளவும் செய்துவிட்டு எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய்விட்டால் பாதி வேலை வீண். காங்கிரீட் போடும்போது தள்ளுவண்டி குழாய் மேல் ஏறும், வைப்ரேட்டர் ஊசி மூட்டைத் தட்டிவிடும், கொத்தனார் இடைஞ்சலாக இருக்கிற பாக்ஸைக் காலால் நகர்த்திவிடுவார். வார்ப்பு முடியும்வரை ஒருவர் பசையும் துண்டுக் குழாயும் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். நிற்காத வீட்டில், பலகை பிரித்த பிறகு அடைபட்ட குழாய்க்காகத் தளத்தைக் கொத்துவார்கள், தளத்தின் கம்பி வெளியே தெரியும், அப்புறம் வீட்டுக்காரரோடு சண்டை. மகனைச் சேர்த்துவிடும் மேஸ்திரி வார்ப்பன்று நிற்கிறவரா என்று விசாரியுங்கள். அவருடைய சம்பளப் பேச்சைவிட இது பெரிய அடையாளம்.

சுவர் எழுந்த பிறகு காடி வெட்டி, ரசமட்டம் பிடித்து சுவிட்ச் பெட்டி பதிப்பது, பூச்சு காய்ந்ததும் வயர் இழுப்பது. லைட்டுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர், ஏசிக்கும் ஹீட்டருக்கும் நான்கு என்ற அளவெல்லாம் ஆறு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடம் ஆகாதது பழுது கண்டுபிடிப்பது. ஒன்றைச் சொல்கிறேன். புது வீட்டில் குடிபுகுந்த மறுநாளே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. ஹால் லைட்டைப் போட்டால் விழும், அணைத்தால் நிற்கும். அரைகுறை வேலைக்காரர் ஆர்.சி.சி.பி.யையே தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போவார். வீட்டுக்காரரும் "சரியாயிட்டு" என்று சந்தோஷப்படுவார்.

உண்மையில் நடந்தது இது: ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டியில் ஹாலின் நியூட்ரலையும் வேறொரு ஆர்.சி.சி.பி.யில் வரும் படுக்கையறையின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டார்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் இதில் கலந்துவிட்டது. ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் பேஸில் போன கரண்டில் ஒரு பகுதி வேறு வழியாகத் திரும்புகிறது. போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது விழும், விழ வேண்டியது அதன் கடமை. மெயினை அணைத்து, டிபியில் நியூட்ரல்களைத் தனித்தனியாகக் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் பார்த்தால் எந்த இரண்டு ஒட்டியிருக்கிறது என்று தெரியும். பிறகு அந்தப் பெட்டியைத் தேடிப் பிரிக்க வேண்டியதுதான். இந்த ஒரு பழுதைத் தனியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்த பையனை எந்த மேஸ்திரியும் கைவிடமாட்டார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று முனைகளைத் தின்னும். மூன்று பேஸ் இணைப்பில் மெயின் நியூட்ரல் அப்படி அரித்து விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400-ஐ நோக்கி ஏறும், டிவியும் பிரிட்ஜும் ஒரே நேரத்தில் புகையும். ஆகவே வயர் முனையில் ஈயம் பூசிய செம்பு லக் போட்டு நன்றாக அழுத்தி முறுக்குவது இங்கே ஆடம்பரம் அல்ல. எர்த்துக்கும் அதே கதைதான். கடலோர மண்ணில் தடை குறைவாகக் காட்டும், ஆனால் எர்த்துக்காகப் புதைக்கும் ஜி.ஐ. குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். வடக்கே மலையடிவாரத்தில் பாறை தட்டும், முழு ஆழம் இறங்காது, கரியும் உப்பும் கொட்டிவிட்டு "போதும்" என்பார்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்க்காமல் போதுமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் குழாயில் தண்ணீர் நிற்பதும் சாதாரணம். இணைப்புக் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். பல்பையும் மின்னணுப் பொருட்களையும் கழற்றிவிட்டுத்தான் மெகர் போட வேண்டும், இல்லையென்றால் அவை போய்விடும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானதுதான், ஆனால் ஆபத்து நீங்கள் நினைக்கிற இடத்தில் மட்டும் இல்லை. கட்டிடத்தில் பெரிய அபாயம் தற்காலிக இணைப்பு: பிளக் இல்லாத வயரை சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுவது, வெட்டுப்பட்ட கேபிள் தண்ணீரில் கிடப்பது, எர்த் இல்லாத டைல்ஸ் கட்டர். தற்காலிக போர்டிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இவற்றில் பெரும்பாலானது உயிர்ச்சேதம் வரை போகாது. அடுத்தது ஏணி. லேசான அதிர்ச்சியில் கை உதறி, பத்தடி உயரத்திலிருந்து விழுவதுதான் முதுகெலும்பை உடைக்கிறது. மகனுக்கு ஒரே ஒரு பழக்கத்தைப் பிடிவாதமாகக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்: லைனை அணைத்த பிறகு, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா பார், பிறகு வேலை செய்யும் லைனில் பார், மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பார். டெஸ்டரே பழுதாகி இருந்தால் எரியாத விளக்கு பொய் சொல்லும். "ஒரு நிமிஷ வேலைதானே" என்று லைனில் கை வைக்கச் சொல்லும் மேஸ்திரியிடம் பையன் இருக்க வேண்டாம்.

இனி சான்றிதழ். ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் பயிற்சி போகட்டும். உதவித்தொகையும் கிடைக்கும், தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வாங்கலாம். இவற்றைக் கொண்டு தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. படிக்காமல் கையாளாகவே வேலை பழகியவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தேர்வு இருக்கிறது, அதற்கு 21 வயதும் ஐந்து வருட வயரிங் அனுபவமும் கேட்கிறார்கள். இரண்டு வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஐ.டி.ஐ. எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

அந்தச் சான்றிதழுக்கு ஏன் மதிப்பு என்றால், மின் ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருப்பவர் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரையும் வயர்மேனையும் வேலைக்கு வைத்திருக்க வேண்டும். புது வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்கும்போது கொடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட் அவர்கள் கையெழுத்தில்தான் போகும். இதிலே ஒரு எச்சரிக்கை: "சான்றிதழை மட்டும் கொடு, வேலைக்கு வர வேண்டாம், மாதாமாதம் பணம் தருகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். சுலபப் பணம் போலத் தெரியும். அவன் கால் வைக்காத கட்டிடத்தில் விபத்து நடந்தால் போலீஸ் தேடி வருவது சான்றிதழில் உள்ள பெயரைத்தான். களியக்காவிளை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் கேரளத்துக்குத் தனி உரிம வாரியம், தனி வயர்மேன் பெர்மிட் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோட்டில் தேதி, மணி, என்ன வேலை என்று எழுதி, ஒப்பந்ததாரரிடம் உரிம எண்ணோடு அனுபவக் கடிதம் வாங்கி வைக்கட்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தால் இன்னும் நல்லது. இது பிற்காலத்துக்கு. கனடாவில் ஜர்னிமேன் என்று சொல்லப்படும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஆக ஒன்டாரியோ மாநிலத்தில் கட்டிடப் பிரிவுக்கு 9,000 மணி நேரப் பயிற்சிக் கணக்கு. நாடு முழுவதும் ஏற்கப்படும் ரெட் சீல் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து போகிறவர் தன் அனுபவத்தை மணிக்கணக்கில் காகிதத்தில் நிரூபித்தால்தான் அந்தத் தேர்வுக்கே உட்கார முடியும். "பத்து வருஷமா வேலை செய்யுறேன்" என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது. அங்கே வீட்டு இணைப்பு 120/240 வோல்ட், வயர் நிறமும் அளவும் வேறு, அதையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

தம்பியிடம் சண்டை போட வேண்டாம். மூன்று வருடம் கழித்து எலக்ட்ரீஷியன் விசா பார்க்கச் சொல்லுங்கள். அப்போது கேட்க வேண்டியவை: விசாவிலும் ஒப்பந்தத்திலும் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் கணக்கு எப்படி. கத்தாரில் 2021 மார்ச் முதல் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே மாதம் 1,000 ரியால், கம்பெனி தங்குமிடம் தராவிட்டால் மேலும் 500, சாப்பாடு தராவிட்டால் 300. இதைவிடச் சற்றே கூடுதலாகச் சொல்லி "பெரிய சம்பளம்" என்றால் அது ஹெல்பர் சம்பளம்தான். சவூதி என்றால் எலக்ட்ரீஷியன்களுக்கு இங்கேயே திறன் சோதனை இருக்கிறது. ஏஜென்ட் வழியாகப் போனால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டாலோ, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

பாஸ்போர்ட் இப்போதே எடுத்து வைப்பதில் தவறில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அசலாகக் கொடுங்கள், அது இருந்தால் குடியேற்றச் சோதனை தேவைப்படாத வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும். ஐ.டி.ஐ. சேர்க்கை இணையவழி விண்ணப்பத்தில்தான். பதிவு தொடங்கியதும் கோணம் நிலையத்துக்கு நேரில் போனால் அங்குள்ள உதவி மையத்திலேயே பதிந்து தருவார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். விருப்பப் பட்டியலில் எலக்ட்ரீஷியனை முதலிலும் வயர்மேனை இரண்டாவதிலும் வையுங்கள்.