வேலூர்க் கோட்டையை வைத்துக் குழந்தைகளுக்குப் படக்கதை: நிஜத்தையும் கற்பனையையும் எப்படிக் கலப்பது?

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான கதை, களம் வேலூர்க் கோட்டை, அகழியில் ஒரு முதலை வரவேண்டும், ஆனால் சும்மா அளந்துவிட்ட மாதிரி இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலையைப் படத்தில் மட்டும் வையுங்கள். எழுத்தில் அது வரவே வேண்டாம்.

"ஆயாவும் கவினும் அகழி ஓரமா உட்கார்ந்து வேர்க்கடலை உரிச்சாங்க. தண்ணி அசையாம கிடந்துச்சு."

அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு எழுத்து போதும். படத்தில் பாசிக்கு நடுவே இரண்டு கண்கள், கொஞ்சம் தள்ளி வால் நுனி. நீங்கள் "அசையாம" என்று வாசிக்கும்போதே பிள்ளை "இல்ல, அங்க முதலை இருக்கு!" என்று விரலை வைத்துவிடும். வாசிக்கிற பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்ற பெருமையில்தான் அது பக்கத்தைத் திருப்பும். இதையே "பச்சை முதலை எட்டிப் பார்த்தது" என்று எழுதினால் பிள்ளை தேட ஒன்றுமில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: படத்தில் இருப்பதையே எழுத்தும் சொல்லும்.

சொல், படம் இரண்டில் ஒன்றாவது தரையில் கால் ஊன்றி நிற்க வேண்டும். கதையில் பாலாறு வரும் பக்கத்தில் இதைத் திருப்பிப் போடலாம். எழுத்து "ஆத்துல தண்ணி இடுப்பளவு, மீன் காலைக் கடிச்சுது" என்று கவின் சொல்வதாக இருக்கட்டும். படம் வெறும் மணலையும் கருவேல முள்ளையும் காட்டட்டும். பாலாற்றைப் பெரும்பாலும் மணலாகவே பார்த்த நம்மூர்ப் பிள்ளைக்கு, கவின் கற்பனை செய்கிறான் என்பது யாரும் சொல்லாமலே புரியும். 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டதை வீட்டில் சொல்லிக் கேட்டிருந்தால் ஆசை இன்னும் கூடும்.

இதெல்லாம் பலிக்க வேண்டுமானால் நிஜப் பகுதி துல்லியமாக இருக்க வேண்டும். கோட்டை என்றதும் பல ஓவியர்கள் மஞ்சள் கல், குவிமாடம் என்று வடநாட்டுக் கோட்டையை வரைந்துவிடுவார்கள். நம்முடையது சாம்பல் நிறக் கருங்கல். சுவர் அகழித் தண்ணீரிலிருந்தே எழும், நெடுக அரைவட்டக் கொத்தளங்கள். நேரில் போய்ப் படம் எடுத்து ஓவியரிடம் கொடுங்கள். சுவர் தப்பாக இருந்தால் முதலையையும் பிள்ளை நம்பாது.

கற்பனை தொடங்குவதைச் சொல்ல ஓரங்களையும் பயன்படுத்தலாம். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்டு திங்ஸ் ஆர்' (1963) புத்தகத்தில் சிறுவன் வீட்டில் இருக்கும்போது படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. அறைக்குள் காடு வளர வளரப் படமும் பெருத்து ஓரத்தை விழுங்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. கடைசியில் வெறும் எழுத்துதான், படமே இல்லை. உங்கள் கதையிலும் முதலை மேலே வரும் பக்கத்துக்கு மட்டும் வெள்ளை ஓரத்தை எடுத்துவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். 8 ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரி தயார். தலைப்பு, பதிப்பு விவரம் போக 13, 14 இரட்டைப் பக்கம் கதைக்குத் தேறும். மொத்தம் 250 சொல் தாண்டாதீர்கள். பென்சிலில் கிறுக்கி முடித்ததும் எழுத்தை மட்டும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள், படத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள். இருவரில் யாருக்காவது முழுக் கதையும் புரிந்துவிட்டால் மற்றொன்று சும்மா நிற்கிறது என்று அர்த்தம், திருத்துங்கள்.

அச்சுக்கு ஓரத்தில் 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். முகமோ முதலையின் கண்ணோ நடு மடிப்பில் விழ வேண்டாம், ஒரு செ.மீ. தள்ளியே இருக்கட்டும். எழுத்து 18 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. கருங்கல் சுவர்ப் படத்தின் மேல் எழுத்தை ஓட்டாதீர்கள்: கல்லின் சொரசொரப்பில் புள்ளி தொலைந்து "கல்" "கல" ஆகிவிடும், எழுத்துக்கூட்டும் பிள்ளை அங்கேயே திணறும். வானம், தண்ணீர் போன்ற வெற்றிடத்தில் வையுங்கள்.

பின் அட்டைக்கு உள்பக்கம் பெரியவர்களுக்கு நான்கு வரி போதும்: கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் கட்டியது, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, அகழியில் அந்தக் காலத்தில் முதலைகள் விட்டிருந்ததாகச் சொல்வார்கள், இன்று இல்லை. கதையை வாசித்து முடிக்கும் முன் இதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.